நெஞ்செரிச்சல் மாத்திரையை எப்போது போடணும்?

பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலன் குறையும். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு இறங்கும்போதுதான் மும்முரமாக வேலை செய்யும், அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும், அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு, கடிக்காமல் முழுசாக விழுங்குங்கள். குலசேகரம் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுபோய் அந்த நேரத்துக்குப் போடலாம்.

முதல் நாளே அடங்காது, மூன்று நான்கு நாள் பொறுங்கள். ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்ட கையோடு படுத்தால் மாத்திரை என்ன செய்யும்? மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். அப்புறம், மாதக்கணக்கில் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள், அமிலம் திரும்பப் பொங்கிவரும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.