வானகத்துல தங்கி விவசாயம் கத்துக்கப் போறீங்களா?

கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் இயற்கை விவசாயத்த பரப்புன நம்மாழ்வார் ஐயா ஆரம்பிச்ச பண்ணை தான் வானகம், தங்கிப் படிக்கணும்னா பயிற்சி தேதி கேட்டு முன்னாடியே பேர் குடுத்துட்டு போங்க, சும்மா போய் நின்னா வேலைக்கு ஆகாது. போர்வை, டார்ச், அழுக்கானாலும் பரவால்லன்ற துணி எடுத்துக்கோங்க. ரிசார்ட் மாதிரி நெனச்சுட்டு போறவங்க தயவுசெஞ்சு வேற எடம் பாருங்க 😄

வறண்ட பூமி, அதனால சித்திரை வெயில்ல வேணாம், மழைக்கு அப்புறம் போனா நல்லாருக்கும்.

போறதுக்கு முன்னாடி ஜீவாமிர்தம் (நிலத்துக்கு விடுற இயற்கை உரக் கரைசல்) கணக்கு தெரிஞ்சுக்கோங்க, ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணில நாட்டு மாட்டு சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண்ணு, நெழல்ல வச்சு 2 நாள் கலக்கி விடணும். நோட்ல எழுதுறத விட கைய விட்டு கலக்குங்க, நாத்தம் பழகிரும்.