தடித்த புளியங்கிளை வளைக்கையில் வெடித்தால்

வன்னி வெயிலுக்குப் பொன்சாயாக, அதாவது சட்டியில் வளர்க்கும் குறுமரமாக, புளி நல்ல மரம். ஆனால் பெருவிரல் தடிப்பு வந்த கிளை சும்மா வளையாது. 2 சென்ரிமீற்றர்க் கிளையொன்றைக் கீழே வளைத்தபோது மேற்பட்டை வெடித்தது. வளைவின் வெளிப்புற நார்தான் இழுபடும்; அதைத் தாங்கக் கட்டுப் போடாதது என் பிழை.

வெடிப்பை உடனே அமத்தி, சைக்கிள் ரியூப்பை விரலகல நாடாவாக வெட்டி, இழுத்திழுத்துச் சுற்றினேன். கீழ்ப்பட்டை அறாததால் கிளை பிழைத்தது.

அடுத்த கிளைக்கு முதல்நாளே தண்ணீரை நிறுத்தினேன். சற்று வாடிய கிளை இலகுவில் வளையும். வளைவின் உட்புறத்தில், அதாவது அடியில், ஆப்பு வடிவில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு வெட்டினேன். கத்தி கூராக இருக்கவேண்டும். வளைக்கும்போது வெட்டுவாய் மூடி, பட்டையோடு பட்டை பொருந்தினால்தான் ஒட்டும். பிறகுதான் ரியூப் கட்டு.

இந்தத் தடிப்புக்குக் கம்பி சுற்றினால் 6 மில்லிமீற்றராவது வேண்டும், கை வலுக் காணாது. கிளையில் ரப்பர்த் துண்டு வைத்து, மெல்லிய கம்பியால் சட்டியோடு இழுத்துக் கட்டுவதே நல்லது. கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றர் இழுத்தால் போதும். ‘நறுக்’ என்றால் அதோடு நிறுத்துங்கள். மாரியில் கிளை பருக்கும். கம்பி பட்டைக்குள் இறங்குகிறதா என்று கிழமைதோறும் பாருங்கள்.