குழந்தையின் ஈசிஜியை வயதிலிருந்து வாசித்தல்

பெரியவர்களின் ஈசிஜியில் (இதயத்தின் மின்பதிவு) பழகிய கண், குழந்தைகள் வார்டில் முதல் சில வாரங்கள் தடுமாறும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்து மூன்று நாளான குழந்தையின் ஈசிஜியில் அச்சு (இதய மின்னோட்டத்தின் மொத்தத் திசை) வலப்பக்கம் சாய்ந்து, மார்பின் வி1 லீடில் (லீடு என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு) ஆர் அலை, அதாவது கீழறைகளின் மேல்நோக்கிய கூர்முனை, உயர்ந்து நிற்பது இயல்பு. கருவில் வலது கீழறைதான் டக்டஸ் (நுரையீரல் தமனியைப் பெருந்தமனியுடன் இணைக்கும் கருக்காலக் குழாய்) வழியாக உடலுக்கும் இரத்தம் தள்ளியது என்பதால் பிறந்த பொழுதில் அது தடித்தே இருக்கும். வயதை உள்ளிடாத கருவி இதற்கு 'வலது கீழறைப் பெருக்கம்' என்று அச்சடிக்கக்கூடும். அந்த வரியை அப்படியே தாயிடம் படித்துக் காட்டி அவரைக் கலங்கவைத்த இளம் மருத்துவர்களில் நானும் ஒருவன். ஆகவே அலைகளைப் பார்க்கும் முன், காகிதத்தின் மேல் குழந்தையின் வயதைப் பேனாவால் எழுதுங்கள். முதல் மாதத்தில் நாள் கணக்கில் எழுதுங்கள்.

பதிவே பிழையாக இருந்தால் வாசிப்பால் பயனில்லை. காசிமேட்டிலிருந்து கோடை வெயிலில் வந்து சேரும் கைக்குழந்தையின் மார்பில் வியர்வையும் பவுடரும் எண்ணெயும் கலந்திருக்கும். துடைத்து உலர்த்தாமல் எலெக்ட்ரோடு ஒட்டாது. தாயின் மடியில் பாலருந்தியபடி எடுத்தால் அழுகையின் அதிர்வு குறையும். வலது கீழறையைத் தெளிவாகக் காண, மார்பின் வலப்புறம் வி4ஆர் லீடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் உயர அளவை மில்லிவோல்ட்டுக்கு 5 மில்லிமீட்டராகப் பாதியாக்கலாம், ஆனால் அதைக் குறித்துவைக்க வேண்டும். இரு கைகளுக்கிடையே பதியும் முதல் லீடில் பி அலை (மேலறைகளின் அலை) தலைகீழாக இருந்தால் இதயம் வலப்பக்கம் இருக்கிறதோ என்று எண்ணும் முன், கை லீடுகள் மாறியுள்ளனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் மார்பு லீடுகள் இயல்பாகவே இருக்கும்.

வி1 லீடின் டி அலைக்கு (கீழறைகள் ஓய்வுநிலைக்குத் திரும்பும் அலை) நான் அதிக நேரம் ஒதுக்குவேன். பிறந்தவுடன் அது மேல்நோக்கி இருக்கலாம். ஏறத்தாழ ஏழு நாளுக்குள் கீழ்நோக்கித் திரும்பி, பள்ளிப் பருவத்திலும் பலருக்குப் பதின்பருவம் வரையிலும் அப்படியே இருக்கும். எனவே மூன்று வயதுக் குழந்தைக்கு அது தலைகீழாக இருப்பது நலம். நிமிர்ந்திருந்தால்தான் வலது கீழறையின் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வேகத்தில் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. காய்ச்சலில் துடிப்பு 190 ஆனாலும் பி அலை தெரியும், அழுகைக்கும் அமைதிக்கும் ஏற்ப வேகம் மாறும். கைக்குழந்தைக்கு 220க்கு மேல், மாறாத இடைவெளியில், பி அலை தெளிவின்றி ஓடினால் அது சுப்ராவென்ட்ரிகுலர் டக்கிகார்டியாவாக (கீழறைகளுக்கு மேலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு) இருக்கும் வாய்ப்பு அதிகம். அதை நிறுத்த அடினோசின் மருந்தைச் செலுத்தும்போது காகிதம் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஏனெனில் துடிப்பு எப்படி நின்றது என்பதே நோயின் வழியைக் காட்டும்.

பிஆர் இடைவெளிக்கு (பி அலையின் தொடக்கத்திலிருந்து கீழறை அலையின் தொடக்கம் வரை) பெரியவர்களின் 200 மில்லி விநாடி வரம்பு இங்கே பொருந்தாது; ஐந்து வயதில் 190 என்பதே நீளம். தொண்டை வலிக்குப் பின் மூட்டு வீங்கி வரும் சிறுவனிடம் இந்த நீட்சி, ருமாட்டிக் காய்ச்சலை (தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) கண்டறிவதற்கான சிறு அளவுகோல்களில் ஒன்று.

க்யூடி இடைவெளியை (கீழறை அலையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரை) அளக்கும் வேலையைக் கருவியிடம் விடாதீர்கள். இரண்டாம் லீடிலோ வி5 லீடிலோ பல துடிப்புகளை அளந்து, முந்தைய ஆர்ஆர் இடைவெளியின் (இரு ஆர் அலைகளுக்கு இடைப்பட்ட நேரம், விநாடியில்) வர்க்கமூலத்தால் வகுங்கள். துடிப்பு 150 எனில் ஆர்ஆர் 0.4 விநாடி, க்யூடி ஏழு சிறு கட்டம், அதாவது 280 மில்லி விநாடி என்றால், திருத்திய மதிப்பு 443. அதையே எட்டுக் கட்டமாக அளந்துவிட்டால் 506 வரும். ஒரு கட்டத்தின் தடுமாற்றம் ஆரோக்கியமான குழந்தையை நோயாளியாக்கிவிடும். வேகமான துடிப்பில் இச்சூத்திரம் மிகையாகக் காட்டுவதால், குழந்தை உறங்கும்போது மறுபடி எடுப்பதே நல்லது.

பால் குடிக்கையில் வியர்த்து மூச்சிரைக்கும் சில மாதக் குழந்தையிடம், இதயத்தின் இடப்பக்கத்தைக் காட்டும் முதல் லீடிலும் ஏவிஎல் லீடிலும் ஆழமான க்யூ அலை (ஆர் அலைக்கு முன் கீழிறங்கும் முனை) கண்டால் காத்திருக்காதீர்கள்; இடது கரோனரித் தமனி நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கலாம். அன்றே எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) வேண்டும்.

பழகுவதற்கு, எக்கோ முடிவைப் பார்க்கும் முன் உங்கள் வாசிப்பை ஒரு நோட்டில் எழுதி, பின்னர் ஒப்பிடுங்கள். வெப்பத்தால் அச்சாகும் ஈசிஜித் தாள் நாளடைவில் வெளுத்துவிடும்; அன்றே நகலெடுத்து, வயதும் அளவும் எழுதி, ஒரு பிரதியைத் தாயிடம் கொடுத்தனுப்புங்கள்.