சிரிப்புப் பாட்டை அலகிடுவது எப்படி?

அலகிடுவது என்றால் செய்யுளைச் சீர், அசை என்று பிரித்துப் பார்ப்பது. அந்தப் பாடத்தை நான் தேமா, புளிமா என்ற சீர் வாய்பாடுகளில் தொடங்குவதில்லை. பிள்ளைகள் முதலில் சிரிக்கட்டும். பிறகு, ஏன் சிரித்தோம் என்று பார்க்கத்தான் யாப்பு.

நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வெண்பாவை எடுத்துக்கொள்வோம்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்றன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை யன்னம்
இலையிலிட வெள்ளி யெழும்.

சந்தி பிரிக்காமல் சீர் சீராக எழுதி, ஒவ்வொரு சீரையும் அசை பிரியுங்கள்; ஒற்று நீங்கலாக ஓரெழுத்து என்றால் நேரசை, ஈரெழுத்து என்றால் நிரையசை. முதல் சீரிலேயே பலர் சறுக்குவார்கள். பொருளைப் பார்த்துக் கத்-து-கடல் என்று பிரித்தால் நேர் நேர் நிரை, அதாவது தேமாங்கனி வரும். நிரையில் முடியும் மூவசைச் சீர்தான் கனிச்சீர்; வெண்பாவில் அதற்கு இடமில்லை. அசைக்குப் பொருள் தெரியாது, ஓசைதான் தெரியும். கத்-துக-டல் என்று பிரியுங்கள்: நேர் நிரை நேர், அதாவது கூவிளங்காய். மற்றதெல்லாம் சுலபம். நேரில் முடியும் மூவசைச் சீர் காய், நேரில் முடியும் ஈரசைச் சீர் மா. காய்க்குப் பின் நேர், மாவுக்குப் பின் நிரை என்று கடைசிவரை பிசகாமல் போகும்.

அடுத்து எதுகை. கத்து, அத்த, கோட்டுக்குப் பின் நிற்கும் தனிச்சொல்லான குத்தி: மூன்றிலும் இரண்டாம் எழுத்து 'த்'. பிறகு உலை, இலை என்று மாறுகிறது. ஆக, இரண்டு வகை எதுகையும் தனிச்சொல்லும் கொண்ட இருவிகற்ப நேரிசை வெண்பா. பெயர் சொல்லி நிறுத்தாமல் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். குத்திக்குப் பதில் 'இடித்து' என்று போட்டால் பொருள் கெடாது. ஆனால் காய்க்குப் பின் நிரை வந்து, வெண்பாவுக்கு ஆகாத கலித்தளையாகும், எதுகையும் போகும்.

முதலெழுத்து ஒன்றிவரும் மோனைக்கு மூன்றாம் அடி போதும்: உ, ஊ, ஓ வரிசையாக நிற்கின்றன.

எனக்குப் பிடித்த இடம், திரும்ப வரும் சொல்தான். உலையிலிட, இலையிலிட: மாறியது ஓரெழுத்து. சோறு உலையிலிருந்து இலைக்கு வர ராத்திரி முழுக்கப் போய், விடிவெள்ளியே எழுந்துவிடுகிறது! அத்தமிக்கும், அடங்கும், எழும் என்ற 'உம்' முடிவுகளைக் கோடிட்டால் சாயங்காலம், நள்ளிரவு, விடியல் என்று நேரம் நகர்வது தெரியும்.

(சத்திரத்துக்காரரான காத்தான் கோபித்ததும் காளமேகம் இதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொல்லிச் சமாளித்தார் என்றொரு கதை உண்டு. அலகிட அது வேண்டாம்.)

ஈற்றடியில் மூன்றே சீர். கடைசிச் சீர் ஒரே நிரையசை, வாய்பாடு மலர். அங்கே 'முளைக்கும்' என்று போட்டுப் படியுங்கள். புளிமா ஆகிவிடும், வெண்பா முடியாது, சிரிப்பும் ஓர் அசை பிந்தி வரும்.