வனமுகாம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கோல குபு பாரு போன்ற தோட்டப்புற ஊர்களில் ரப்பரும் செம்பனையும் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. ஆற்றோரத்தில் கூடாரமடிக்க இடம் கொடுத்துத் தொழில் செய்ய நம்மவர்கள் முன்வருவது மகிழ்ச்சி தருகிறது. அதனாலேயே சில தவறுகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வந்திருப்பவர்களிடம் மட்டும் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டு மனநிறைவடைவதுதான் முதல் தவறு. அமைதியை நாடி ஆண்டுதோறும் வந்த குடும்பம் இரைச்சல் தாங்காமல் வேறிடம் போய்விடுகிறது. அந்த இடத்தை இரைச்சலைப் பொருட்படுத்தாதவர்கள் நிரப்புகிறார்கள். கருத்துப் படிவத்தில் மதிப்பெண் மட்டும் குறையாமல் இருக்கிறது. வராமல் போனவர்களைக் கோயிலிலோ பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலோ சந்தித்தால், "இரவில் தூங்க முடிந்ததா, கழிப்பறையில் தண்ணீர் வந்ததா?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக் கூடாரங்களை அடிக்கடி இடம் மாற்றுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. புல்லுக்கும் மண்ணுக்கும் நேரும் சேதத்தின் பெரும்பகுதி முதல் சில இரவுகளிலேயே நிகழ்ந்துவிடும். பிறகு எத்தனை பேர் தங்கினாலும் கூடுதல் சேதம் குறைவு. ஆனால் கெட்டித்துப்போன மண் தேற ஆண்டுக்கணக்காகும். பழைய கூடாரத் தளத்தை உற்றுப் பாருங்கள்: வேர்கள் செருப்பு தேய்த்து மழுங்கி மேலே தெரியும், ஆணி இறங்காது, மழைநீர் உள்ளே போகாமல் தேங்கி நிற்கும். இந்தக் காயத்தைப் பத்து இடங்களுக்குப் பரப்பாமல், குறிப்பிட்ட தளங்களை வரையறுத்து அவற்றையே பயன்படுத்துவது மேல்.

மீந்த சோற்றை மரத்தடியில் கொட்டவிடாதீர்கள். குரங்கு பழகிவிட்டால் கூடாரத்துக்குள் புகும். எலி பெருகினால் அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் ஆற்றில் குளிப்பவரையும் தொற்றக்கூடும்.

உரிமமும் மலைச்சரிவின் நிலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மன்னிக்க முடியாத தவறு. 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் பத்தாங் காலி அருகே முகாம் ஒன்றின் மீது மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டனர். அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். ஆற்றங்கரையிலோ, நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் மேற்பகுதியில் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்துவிடும். நீர் கலங்கி இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே எல்லாரையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அதைக் கவனித்து எழுப்ப இரவுக் காவலர் இல்லாத நாளில் முன்பதிவை ஏற்காதீர்கள்.