மலைச்சரிவில் வீடு கட்டும்போது இடத்தைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடத்தைத் திட்டமிடாமல் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) கூப்பிடுவதுதான் மலையகத்தில் நடக்கும் முதல் தவறு. மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் எங்கே போகும், வெட்டும் மண்ணை எங்கே போடுவது என்ற இரண்டும் முடிவாகாமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அத்திவாரம் முடிந்தபிறகு கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் ஒரு பெருமழை பெய்தால் வெட்டிய மண்சுவர் ஊறி, கனத்து, இடிந்து விழும். வெட்டப்போகும் இடத்துக்கு மேலே குறுக்காக ஒரு கான் முதலில் வரட்டும். அதன் தண்ணீர் ஓடையில் சேர வேண்டும், கீழ் லயத்துக் கூரைமேல் அல்ல.

வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுவது இலகு. ஆனால் புல்லின் மேல் கொட்டிய மண் சரிவோடு ஒட்டாது, மழையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதன்மேல் குசினியைக் கட்டினால், பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். நிரப்பிய பக்கம் இறங்க, இரண்டும் சேரும் கோட்டில் சுவர் வெடிக்கும். நிரப்பத்தான் வேண்டுமென்றால் புல், வேர் எல்லாம் நீக்கி, சரிவைப் படிபடியாக வெட்டி, 6 அங்குல அடுக்குகளாக இறுக்குங்கள்.

மிக ஆபத்தானது, மேலே மணலும் கீழே மேசனும் இருக்கும் அமைப்பு. பாதை மேலே இருப்பதால் டிப்பர் விளிம்பிலேயே கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, நான்கு தொன்னுக்கு மேல் பாரம். நனைந்தால் இன்னும் கூடும். வெட்டு எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் அரை லோடாக எடுங்கள். சாப்பாட்டுக் கொட்டிலும் கலவை போடும் இடமும் வெட்டிய சுவரின் அடியில் வேண்டாம்.

முழு நீளத்தையும் ஒரேயடியாக வெட்டாதீர்கள். சுமார் 10 அடி வெட்டி, தண்ணீர் வடியத் துவாரம் விட்டுத் தடுப்புச் சுவரை எழுப்பியபிறகே அடுத்த துண்டு.

சீமெந்து மூடைகளைப் பலகைமேல், சுவரில் படாமல், பத்துக்கு மேற்படாமல் அடுக்குங்கள்.

மண் வேலைக்கு மாதமும் முக்கியம். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தவிருங்கள். பதுளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெட்டின் அடியில் ஆட்களை நிறுத்தாதீர்கள். மழை விட்டதும் மேல்விளிம்பில் புதிய வெடிப்பு உண்டா என்று பார்த்த பிறகே இறங்குங்கள்.