பல்லுப் பிடுங்கப் போகுமுன் குளிசையை நிறுத்த வேண்டாம்

இருதய வருத்தக்காரர் பலர், "இரத்தம் நிக்காது" என்ற பயத்தில், பல்லுப் பிடுங்குவதற்கு நாலைந்து நாள் முன்பே அஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான முன்னேற்பாடு வேறில்லை. பல்லுக் குழியில் கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். மடித்த கோஸை 20, 30 நிமிடம் எடுக்காமல் இறுக்கிக் கடித்தால் பெரும்பாலும் நிற்கும், நிற்காவிட்டால் தையல் இருக்கிறது. அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வலை வைத்த இருதய இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. 75 மில்லிகிராம் அஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ சாதாரணமாக ஒரு பல் பிடுங்க நிறுத்தத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துப் பாவிப்பவர் சொல்லிவிட்டால், ஒரே நாளில் நாலு பல் எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் பாவிப்பவர், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனையைப் பிடுங்குவதற்கு முதல் நாள் செய்திருக்க வேண்டும். அளவு நிலையாக இருப்பவருக்கு மூன்று நாளுக்கு உட்பட்டது போதும். போன மாத ரிப்போர்ட் உதவாது. 4க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பிடுங்கலாம். சிக்கல் பிறகுதான் வருகிறது. பல் சீழுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும், வாயில் வெள்ளை படிந்தால் பூசும் மைக்கோனசோல் ஜெல்லும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். பூசுகிற மருந்துதானே என்று நினைக்க வேண்டாம். அதாலேயே இரத்தப்போக்கு வந்திருக்கிறது.

அடுத்தது பல்லுக்குத்துக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென், மெபனமிக் அசிட். பிரஷர் குளிசைகளான லொசார்டன் அல்லது எனலாபிரிலோடு நீர் போகும் குளிசையும் பாவிப்பவருக்கு இவை சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பதவிசிறிபுர போன்ற சிறுநீரக நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் இவற்றைத் தொடவே கூடாது. அஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பலாம். மாரி காலத்தில் பல்லுக்குத்தோடு காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை இவை வேண்டாம், டெங்கில் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். 2017இல் டெங்கால் கிண்ணியா பட்ட பாட்டை மறக்கக் கூடாது. பரசிட்டமோல் போதும்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. உடல் மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதைவிடக் குறைவு. தடிமன் குளிசையிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றில் வரக்கூடாது. விறைப்பு ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. வழமைபோல் காலைச் சாப்பாடும் மருந்தும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வாருங்கள். இன்சுலினோ கிளிக்கிளசைடோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் கதிரையில் வியர்த்து, நடுங்கி, கதை குழறும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் சீனி அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். நோன்போ கந்தசஷ்டி விரதமோ இருப்பவர் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப் போடலாம்.

இருதயத்தில் செயற்கை வால்வு உள்ளவருக்கு, அதில் கிருமி தொற்றாமலிருக்க, பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் அமொக்சிசிலின் 2 கிராம். ஆனால் ருமாட்டிக் காய்ச்சலுக்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடுபவருக்கு வேறு வகை மருந்து வேண்டும், அதனால் ஊசிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.

யாரும் சொல்ல மறப்பது எலும்புத் தேய்வு மருந்தை. கிழமைக்கு ஒன்று போடும் அலென்ட்ரோனேட்டையும், வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஊசியையும் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இவற்றைப் பாவித்தவரில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும். ஒரு கிழமை நிறுத்திவிட்டு வருவதால் பயனில்லை. மருந்து எலும்பில் பல வருடம் தங்கியிருக்கும். எப்போது தொடங்கினீர்கள், கடைசி ஊசி எப்போது என்பதைச் சொன்னால், அந்தப் பல்லைப் பிடுங்காமல் வேர்ச் சிகிச்சையால் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள்.